தொடையெலும்புக் கணக்கு: அழுத்தமா, தகைவா?

என்.சி.இ.ஆர்.டி. 11ஆம் வகுப்பு இயற்பியல் நூலில் தொடையெலும்பு பற்றி இரு கணக்குகள் உள்ளன. முதலாவது, திண்மங்களின் இயந்திரப் பண்புகள் இயலில் வருகிறது. சர்க்கஸில் மனிதப் பிரமிடைக் காலால் தாங்கிப் படுத்திருப்பவரின் எலும்பு எவ்வளவு சுருங்கும் என்பது கேள்வி. நீளம் 50 செ.மீ., ஆரம் 2 செ.மீ., ஒவ்வோர் எலும்பின் மீதும் சுமார் 1078 நியூட்டன் விசை. விசையைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் தகைவு. அதை யங் குணகத்தால் வகுத்தால் திரிபு. சுருக்கம் சுமார் 0.045 மி.மீ. மட்டுமே. எலும்பின் உறுதியை மாணவர் உணரச் செய்யும் நல்ல கணக்கு இது.

மற்றொன்று பாய்மங்கள் இயலில் இருக்கிறது. 40 கி.கி. நிறையுள்ள மேலுடலை, தலா 10 ச.செ.மீ. பரப்புள்ள இரு தொடையெலும்புகள் தாங்குகின்றன. அவற்றின் மீதான சராசரி அழுத்தம் என்ன? விடை 2 × 10⁵ பாஸ்கல். எண் சரிதான், ஆனால் அது அழுத்தம் அன்று. ஓய்விலுள்ள பாய்மத்தில் ஒரு புள்ளியில் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமம். எலும்பிலோ தகைவு நீளவாட்டில்தான். சாய்வாக வெட்டிப் பார்த்தால் மதிப்பே மாறிவிடும். இரண்டுக்கும் அலகு பாஸ்கல் என்பதால் இந்தக் குழப்பம் விடையில் தெரிவதில்லை. எந்தப் பரப்பு, எந்தத் திசை என்று கேட்காமலே வாய்பாட்டில் எண்களைப் போட மாணவர் பழகிவிடுகிறார். பயிற்சியிலுள்ள உயர்குதிகால் செருப்புக் கணக்கில் இந்தச் சிக்கல் இல்லை. செருப்பு தரையைத் தொடும் பரப்பு வெளிப்படையானது.

எலும்புக் கணக்கைத் திண்மங்கள் இயலுக்கு மாற்றி, அமுக்கத் தகைவு என்ன என்று கேட்டால் போதும். விடையைத் திருத்த வேண்டியதில்லை.