ரெண்டு தடவை போன 800

கோவில்பட்டி பஜாரில் ஒரு கடை. க்யூ.ஆர். கோடில் 800 ரூபாய் போட்டேன். என் கணக்கில் கழிந்துவிட்டது. அண்ணாச்சியின் பேசும் பெட்டி மட்டும் வாயே திறக்கவில்லை. 'வரலியே சார், மறுபடி போடுங்க' என்றார். போட்டேன். ராத்திரி பார்த்தால் ரெண்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது!

கடையில் கேட்டால், 'பேங்க்ல கேளுங்க'. பேங்கில் கேட்டால், 'கடையில கேளுங்க'.

2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்டது நல்ல உத்தரவுதான். நம் கணக்கில் கழிந்து, கடைக்குத் தகவல் போகாவிட்டால் அடுத்த 5 நாளுக்குள் காசு தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் தினம் 100 ரூபாய் நஷ்டஈடு, அதுவும் நாம் கேட்காமலே!

ஓட்டை எங்கே என்றால், இது தோற்றுப்போன பரிவர்த்தனைக்கு மட்டும். கொஞ்சம் லேட்டாகக் கடைக்காரர் கணக்கில் விழுந்துவிட்டால் கம்ப்யூட்டருக்கு அது 'வெற்றி'. கெடுவும் இல்லை, 100 ரூபாயும் இல்லை. அண்ணாச்சி மனசு வைத்தால் உண்டு. தீப்பெட்டி ஆபீஸில் வாரக்கூலி வாங்கும் அக்காவுக்கு இது நடந்தால்? அந்த வாரமே போச்சு. அந்தக் காலத்து மளிகைக் கடை நோட்டில் ரெண்டு தடவை பற்று எழுதினால் ஒரு கோடு போட்டு அடிப்பார்கள், அவ்வளவுதான். அந்தக் கோடு போடுவது போல இது அவ்வளவு சுலபமில்லை.

நான் செல்போனில் இருந்த 12 இலக்க எண்ணைக் காட்டினேன். தன் கணக்கில் தேடிப் பார்த்த அண்ணாச்சி, கல்லாவைத் திறந்தார்.