கூவாக விழாவும் நிழற்படச் சான்றும்

விழாக்களின் வரலாற்றை ஆராய்வார்க்குப் பண்டு சான்றாக நின்றவை இலக்கியமும் கல்வெட்டும் ஆம். இந்நாளில் நிழற்படமும் அவற்றோடு சேர்ந்துள்ளது. பாட்டை ஆராய்வதற்கும் கல்வெட்டைப் படிப்பதற்கும் நெறி வகுத்துக்கொண்ட நாம், நிழற்படத்தை மட்டும் கண்டவாறே மெய்யெனக் கொள்கின்றோம். கண்ணாற் காண்பதும் பொய்யாகலாம், தீர ஆராய்தலே மெய் என்பது நம் நாட்டுப் பழமொழி. கூவாகம் கூத்தாண்டவர் விழாவைப் பற்றிய படங்களை அந்நெறியில் நின்று ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கூவாகம் உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த சிற்றூர். விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அதனைச் சேர்ந்தது. எனினும், விழாவிற்கு வரும் திருநங்கையர் கூடுமிடமாக விழுப்புரம் நகரமே இன்றும் விளங்குகின்றது. சித்திரையில் சாகை வார்த்தலோடு தொடங்கும் விழா 18 நாள் நடைபெறும். விழாவின் தலைவன் அரவான். வடமொழிப் பாரதத்தில் அவன் எட்டாம் நாட் போரில் வீழ்கின்றான். அவன் களப்பலியான செய்தியோ தமிழில் 9ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே காணப்படுகின்றது. பலியாகுமுன் மணம் வேண்டிய அவனுக்குக் கண்ணனே பெண்ணுருக் கொண்டு ஓரிரவு மனைவியாயினான் என்பது மக்களிடை வழங்கும் மரபு. அம்மரபுபற்றியே திருநங்கையர் கூத்தாண்டவர்பொருட்டுத் தாலி ஏற்று, மறுநாள் அதனை அறுத்து, வளையுடைத்து, வெள்ளாடை புனைகின்றனர்.

ஆண்டுதோறும் இதழ்களில் வெளிவரும் படங்களை நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். கண்ணாடிமுன் ஒப்பனை, அழகிப் போட்டி, தாலி ஏற்றல், தலைவிரித்தழும் முகம், வெள்ளாடைக் கோலம் என்னும் ஐந்தனுள் அவை பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. ஆண்டும் ஆளும் மாறினும் படம் மாறுவதில்லை. இவ்வொருமைக்குக் காரணம் யாது?

பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார் தொல்காப்பியர். நிலமும் பொழுதும் முதல், அந்நிலத்து வாழ்வுக்குரிய பொருள்கள் கரு, ஒழுக்கம் உரி. இவற்றுள் உரிப்பொருளே சிறந்தது என்பது உண்மையேயாயினும், முதலும் கருவும் இன்றி அது விளங்கித் தோன்றாது. நாம் குறித்த படங்களோ இரங்கல் என்னும் உரிப்பொருள் ஒன்றனையே பற்றிக்கொண்டு ஏனைய இரண்டையும் கைவிட்டன.

முதலாவது, பயணம் விடுபட்டது. சென்னையிலிருந்தும் வடபுலத்திலிருந்தும் வருவோர் பலர் திண்டிவனத்தைக் கடந்து விழுப்புரம் சேர்கின்றனர். பிறந்த வீட்டால் விலக்கப்பட்டுப் பல ஊர்களிற் சிதறி வாழ்வோர் அவருட் பலர். அவர் தமக்குள் தாய், மகள் என முறை கொண்டாடி வாழ்வது வழக்கம். அத்தாயும் மகளும் ஆண்டிற்கொருமுறை கண்டு அளவளாவும் காலம் இதுவேயாகும். விழுப்புரத்து விடுதி அறைகளிலும் புகைவண்டி நிலையத்திலும் நிகழும் அச்சந்திப்பே விழாவின் பாதி என்பது எம் கருத்து. அழகிப் போட்டி மேடையைப் பிடிக்கும் கருவி, மேடைக்குக் கீழே ஒரு முதியவளின் மடியில் தலைவைத்திருக்கும் இளையவளைக் காண்பதில்லை.

இரண்டாவது, ஊர் விடுபட்டது. அரவானின் திருவுருவ உறுப்புகள் சுற்றுவட்டாரச் சிற்றூர்கள் பலவற்றிலிருந்து கொணரப்பட்டு ஒன்றாக்கப்படுகின்றன. நேர்த்திக்கடனாக அவ்வட்டார ஆடவரும் தாலி கட்டிக்கொள்வதுண்டு. எனவே இவ்விழா உழவர் குடிகளும் திருநங்கையரும் ஒருங்கு நிகழ்த்துவது. படங்களிலோ ஊரார் வேடிக்கை பார்ப்போராகவே தோன்றுவர். அல்லது தோன்றவே மாட்டார்.

மூன்றாவது, எடுத்துக்கொண்ட உரிப்பொருளும் பிறழ உணரப்பட்டது. கணவனை இழந்தாள் நோற்றொழுகும் நிலையைத் தாபதநிலை எனக் காஞ்சித்திணையுள் இலக்கண நூலார் வைத்தனர். கூவாகத்து அழுகை அத்துறையைச் சார்ந்தது; ஒப்பாரி மரபில் வருவது; பலர் கூடி முறையோடு நிகழ்த்துவது. தம் துயரும் அதனுட் கலத்தல் உண்டு. ஆயினும், ஒரு முகத்தை மட்டும் பிரித்தெடுத்துக் காட்டுங்கால் மரபு மறைந்து, காண்பார் இரக்கத்திற்குரிய தனியொருத்தியின் அவலமே எஞ்சுகின்றது.

இதனினும் பெரியதொரு குறை உண்டு. அகப்பாட்டில் தலைவன் தலைவியரைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என விதித்தனர் நம் முன்னோர். உள்ளத்து நிகழ்ச்சி ஊரறியத் தூற்றப்படாமைக்கு அது காப்பாயிற்று. நிழற்படமோ முகத்தைக் காட்டுதலின், பெயர் சுட்டுதலினும் மிகுதியாகச் சுட்டிவிடுகின்றது. வீட்டார் அறியாது வந்த ஒருத்தியின் முகம் மறுநாள் இதழில் வெளிவருமாயின், அவள் அடையும் இடர் படம் எடுத்தாரை அடைவதன்று.

இதற்கு மாறாய நெறியும் நம் நாட்டிலேயே உண்டு. 1989இல் தயானிதா சிங் என்னும் படக்கலைஞர் இலண்டன் இதழொன்றின் பொருட்டுத் தில்லியில் மோனா அகமதைப் படமெடுத்தார். அந்நகரில் தமக்கு உறவினர் உண்டு எனக் கூறி மோனா படச்சுருளைக் கேட்க, அவர் அதனைக் கொடுத்துவிட்டார். இழந்த அச்சுருளிலிருந்தே நீண்டதொரு நட்பு வளர்ந்தது. 2001இல் வெளிவந்த 'மைசெல்ஃப் மோனா அகமது' என்னும் நூலில் படங்கள் தயானிதாவினுடையன, சொற்கள் மோனாவினுடையன. படத்திற்கு உரியாள் தானே உரையாசிரியையாகவும் அமைந்தமையே அந்நூலின் சிறப்பு.

கூவாகப் படங்களால் நன்மையே இல்லை என்பது எம் கருத்தன்று. 2008இல் தமிழ்நாட்டில் திருநங்கையர் நலவாரியம் அமைந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தாரின் உரிமையை ஏற்றது. கண்டும் காணாதிருந்த நாட்டில் ஒரு மக்கட்கூட்டத்தைக் கண்ணெதிரே நிறுத்தியதில் படங்களுக்கும் பங்குண்டு எனலாம். ஆயின், இருக்கின்றார் என்று காட்டுதல் ஒரு படி. வாழ்கின்றார் என்று காட்டுதல் அடுத்த படி. முதற்படியிலேயே பல்லாண்டு நின்றுவிடுதல் கலைக்கும் ஆராய்ச்சிக்கும் அழகன்று.

கொள்ளை நோயால் இடைப்பட்டிருந்த விழா 2022இல் மீண்டும் நிகழ்ந்தது. அன்று திரும்பி வந்தோர் முதலில் தேடியது தேரையோ, தம் தாயரையோ? இவ்வினாவிற்கு விடை கூறவல்ல படத்தையே சிறந்த சான்றாக நாம் கொள்வோம். அத்தகைய படம் விடியலில் அழிகளத்தில் நிற்பார்க்கு மட்டும் கிட்டுவதன்று. முந்திய நாளிலேயே திண்டிவனத்தில் வண்டியேறி, உடன் பயணம் செய்து, இசைவு கேட்டு நிற்பார்க்கே கிட்டும் என்க.