நஞ்சும் கோட்டையும்

காளமேகப் புலவனின் சிலேடைகளைக் கேட்டுக் கைகொட்டாதார் யார்? பாம்பும் வாழைப்பழமும் ஒன்றென்பான். வைக்கோலும் யானையும் ஒன்றென்பான். 15-ஆம் நூற்றாண்டின் அந்த நாவன்மையை இன்று பொழுதுபோக்குத் துணுக்காக அச்சிட்டு, அடியில் அகராதிப் பொருளையும் எழுதிவிடுகின்றனர். விளையாட்டு தெரிகிறது, விளைந்த நிலம் தெரியவில்லை!

பாம்பு வெண்பாவின் முதற்சொல்லைப் பாருங்கள். நஞ்சு! பாம்பினிடம் இருப்பது நஞ்சு, சரி. வாழைப்பழத்தில் ஏது நஞ்சு? கனிந்து குழைந்த பழம் நைந்திருக்கும். அந்த 'நைந்து' மக்கள் நாவில் 'நஞ்சு' ஆகிறது. கொச்சை என்று பண்டிதர் முகஞ்சுளிக்கும் வடிவத்தைத்தான் புலவன் வெண்பாவின் தலைவாயிலில் நிறுத்தினான். அந்த உழவர் மொழி இல்லையேல் அந்தச் சிலேடையே இல்லை.

நாமோ, மாணவன் 'ஆத்துத் தண்ணீர்' என்று எழுதினால் சிவப்பு மையால் சுழிக்கிறோம். ஆற்றூர் ஆத்தூராகி, பள்ளியின் பெயர்ப்பலகையிலேயே வீற்றிருக்கிறதே, அதை எந்த மையால் சுழிப்பது? எழுத்து நடைக்கு ஒழுங்கு வேண்டாம் என்பதன்று நம் கருத்து. பேச்சை இழிவென்று கற்பிக்க வேண்டாம் என்பதே.

வைக்கோல் வெண்பா இன்னும் சிறந்தது. களம், போர், கோட்டை என மூன்றே சொற்களில் உழவும் போரும் கைகோக்கின்றன. நெற்களம், போர்க்களம், வைக்கோற் போர், படைப் போர், வைக்கோற் புரியால் நெல்லைக் கட்டும் கோட்டை, அரசன் கோட்டை. ஆயினும் ஒரு குறை. திருமலைராயன் பெயருக்கு இடமளித்த பாட்டில், களத்தில் நெல்லடித்தவனுக்கு ஓரசையும் இல்லை!

இப்பாட்டை வகுப்பில் நடத்தி, "கோட்டை என்றால் என்ன?" என்று வினவினோம். 1605-இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கிய திண்டுக்கல் மலைக்கோட்டை இருக்கும் திசையை நோக்கி அத்தனை கைகளும் நீண்டன. நெற்கோட்டையை ஒருவரும் அறியார். அறுவடை இயந்திரம் வந்தபின் வைக்கோற் போரே அருகிவிட்டது; கோட்டையை எங்கே காண்பார்கள்? பொருள் போனால் சொல் போகிறது. சொல்லின் ஒரு கால் ஒடிந்தால் சிலேடை நொண்டுகிறது.

ஒரு மாணவி மட்டும், பாட்டி 'விதைக்கோட்டை' என்று சொல்லக் கேட்டதுண்டு என்றாள். மறுநாள், அதை எப்படிக் கட்டுவார்கள் என்று பாட்டியிடம் கேட்டறிந்து வந்து, அவளே வகுப்பில் விளக்கினாள். நாம் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டோம்.