மூங்கில் நாற்காலிகள் இருந்த வீடு

அந்த வீட்டு நாற்காலிகள் மூங்கிலில் செய்தவை. விலை மலிவு, எடையும் குறைவு. அப்பா அவற்றில் அமர்ந்து படிக்கிறார், பிள்ளைகள் சுற்றி ஓடி விளையாடுகிறார்கள். படத்தின் பெரும்பகுதி நேரம் அவை கண்ணெதிரிலேயே இருக்கின்றன. கேமரா ஒருமுறைகூட அருகில் போய் இதைக் கவனி என்று சொல்வதில்லை. குறைந்த சம்பளக்காரர் வீடு, அதனால் மூங்கில் என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

அப்பா இறந்து வெகுகாலம் கழித்து, அவர் எழுதிவைத்துப் போன வாழ்க்கைக் குறிப்பை அக்கா படிக்கிறாள். அதில் இருக்கிறது காரணம். சீனப் பெருநிலத்திலிருந்து தைவானுக்கு வந்தபோது அவர் சில ஆண்டுகள் மட்டும் தங்கிவிட்டு ஊர் திரும்பிவிடலாம் என்றே நினைத்திருக்கிறார். போகும்போது மனக்குறையின்றித் தூக்கிப் போட்டுவிட்டுப் போகலாம் என்பதற்காகத்தான் கனமான மரச்சாமான் எதையும் வாங்கவில்லை. அந்த ஒரு செய்திக்குப் பிறகு, அதுவரை பார்த்த காட்சிகள் அத்தனையும் மனத்துக்குள் மறுபடி ஓடுகின்றன. அவர் உட்கார்ந்திருந்ததெல்லாம் புறப்படக் காத்திருப்பவரின் இருக்கையில். பிள்ளைகளுக்கோ பிறந்து வளர்ந்த வீடே அதுதான்.

ஹௌ ஷியாவ்-ஷியென் 1985இல் எடுத்த ‘எ டைம் டு லிவ், எ டைம் டு டை’ இப்படிப்பட்ட படம். குவாங்டோங் மாகாணத்து மெய்ஷியெனில் 1947இல் பிறந்து, கைக்குழந்தையாகத் தைவானுக்கு வந்தவர் அவர். 1949இல் உள்நாட்டுப் போர் முடிந்ததும் நீரிணையின் இரு கரைகளும் எதிரிகளாயின; திரும்பும் வழி அடைபட்டது. குடும்பம் தெற்கே காவ்ஷியுங்கை அடுத்த ஃபெங்ஷானில் தங்கிவிட்டது. தாம் வளர்ந்த அந்த வீட்டிலேயே அவர் இந்தப் படத்தை எடுத்தார். எழுத்தாளர் சூ டியென்-வென்னோடு சேர்ந்து திரைக்கதை எழுதினார். இது தம் சிறுவயது நினைவுகள், முக்கியமாக அப்பாவைப் பற்றியவை என்று தொடக்கத்தில் சொல்லும் குரலும் அவருடையதே.

அப்பாவைப் பற்றியது என்று சொல்லிவிட்டு, அவர் காட்டும் அப்பா அநேகமாகப் பேசாத மனிதர். இளைத்த உடம்பு, கையில் புத்தகம், எப்போதும் பிள்ளைகளிடமிருந்து ஓர் எட்டுத் தள்ளி. அவர் மடியில் எந்தப் பிள்ளையும் ஏறி உட்காரக் காணோம். கண்டிப்பான மனிதர் போலும் என்று எண்ணிக்கொள்கிறோம். அதற்கும் அதே குறிப்பேட்டில் விடை இருக்கிறது. அவருக்குக் காசநோய். பிள்ளைகளுக்குத் தொற்றிவிடக் கூடாது என்று தம் பாத்திரங்களைப் பிரித்துவைத்து, தம்மையும் விலக்கிவைத்திருந்தார். அந்த விலகல்தான் அவரால் கொடுக்க முடிந்த பாசம். பிள்ளைகளுக்கு அது தெரியவரும்போது நன்றி சொல்ல அவர் இல்லை.

நம் அகப்பாட்டு மரபில் இறைச்சி என்று ஒன்று உண்டு. நிலத்துப் பொருள்களைச் சொல்லிச் செல்லும்போதே, சொல்லாத பொருளொன்றையும் அவற்றில் தங்கவைப்பது. ஹௌவின் நாற்காலியும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். ஒரு வேறுபாடு உண்டு. பாட்டைப் படிக்கும்போது கூர்ந்த வாசகர் அங்கேயே பொருளைப் பிடித்துவிடலாம். இந்தப் படத்தில் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் முன்கூட்டிப் பிடிக்க முடியாது. சிறுவனுக்கு எப்போது தெரிந்ததோ அப்போதுதான் நமக்கும். அவன் கவனிக்கத் தவறியதை நாமும் கவனிக்காமல் இருந்தால்தான் அந்த இழப்பு நம்முடையதும் ஆகும். சுயசரிதைப் படங்களில் பெரும்பாலும் வளர்ந்துவிட்ட இயக்குநரின் அறிவு சிறுவனின் கண்ணுக்குள் புகுந்துகொள்ளும். ஹௌ அதை அனுமதிக்கவில்லை. இந்தக் கட்டுப்பாட்டை எண்ணி எண்ணி வியக்கிறேன்.

ஒளிப்பதிவாளர் லீ பிங்-பின் ஹௌவோடு இணைந்த முதல் படம் இது. ஜப்பானியர் ஆட்சிக்கால பாணியில் கட்டிய வீடு, இழுவைக் கதவுகள், ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும் அறைகள். கேமரா ஓர் இடத்தில் நின்று வாசல் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் பார்க்கிறது. யாராவது வந்து போகிறார்கள், சட்டகம் அசைவதில்லை. பிறகும் பிறகும் அதே இடத்துக்கே வருகிறோம். முன்பு அப்பா இருந்த இடம் வெறுமையாக இருக்கிறது, அம்மா இருந்த இடத்தில் வேறொருவர் இருக்கிறார். மின்சாரம் போன ஓர் இரவில் அப்பா இறக்கிறார். அதற்கு முன்னும் பின்னும் வீடு அதே கோணத்தில்தான் இருக்கிறது. யார் இல்லை என்று கண்தான் எண்ணிப் பார்த்துக்கொள்கிறது.

ஆனால் இந்தப் படத்தின் உயிர் பாட்டியிடம்தான் என்பேன். சீருடைப் பையன்கள் விளையாடும் தெருவில், வெயிலில் நின்று, பேரனின் பெயரை ஹக்கா மொழியில் நீட்டி முழக்கி அழைக்கிறாள். இவன் பெரிய அதிகாரியாக வருவான் என்று யாரோ குறி சொன்னது போன்ற உறுதி அவளுக்கு. அதனால் இவன்மேல் தனிப் பிரியம். மறுமையில் செலவுக்கு ஆகும் என்று காகிதத்தில் வெள்ளிப் பணம் மடித்து மடித்துச் சேர்க்கிறாள். அவ்வப்போது வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறாள். ஊருக்குப் போகிறாளாம். மெய்ஜியாங் ஆற்றுப் பாலம் கொஞ்சம் நடந்தால் வந்துவிடும் என்று நினைப்பு. இடையில் கடல் இருப்பது அவள் நினைவில் இல்லை. மிதிவண்டி ரிக்‌ஷாக்காரர் யாராவது வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பார். வீட்டில் வாடகை கொடுப்பார்கள்.

ஒருநாள் பேரனையும் கூட்டிக்கொண்டு போகிறாள். நல்ல வெயில். வழியில் ஒரு கடையில் உட்கார்ந்து ஐஸ் சாப்பிடுகிறார்கள். பாலத்துக்கு எப்படிப் போவது என்று பாட்டி கடைக்காரியிடம் ஹக்காவில் கேட்கிறாள். அவளுக்கு அந்த மொழி புரியவில்லை. இருவருக்கும் கோபமில்லை, பதற்றமில்லை. பேரன் பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கிறான். நாடு பிரிந்த கதை முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. காட்சியோ ஒரு பையன் ஐஸ் தின்னும் காட்சி மட்டும்தான். பிறகு கொய்யா பறிக்கிறார்கள். பாட்டி மூன்று கொய்யாக்களை எடுத்து ஒன்றன்பின் ஒன்றாக மேலே வீசிப் பிடித்து வித்தை காட்டுகிறாள். அந்த முகத்தில் வரும் சிரிப்பைப் பாருங்கள். அவள் ஒரு காலத்தில் சின்னப் பெண்ணாக எங்கோ ஒரு தெருவில் விளையாடியவள் என்பது அந்தச் சில நொடிகளில் தெரிந்துவிடுகிறது. அந்தக் கைப்பழக்கம் அங்கிருந்து வந்ததாகத்தானே இருக்க வேண்டும்! ஊர் நினைவு தப்பிப்போனாலும் கை மறக்கவில்லை.

படம் வெளிவந்தபோது ஊர் திரும்பும் வழி உண்மையிலேயே மூடிக் கிடந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தைவானில் ராணுவச் சட்டம் விலக்கப்பட்டதும், உறவினரைப் பார்க்கப் பெருநிலத்துக்குப் போய்வர அனுமதி கிடைத்ததும் 1987இல்தான். 1985இல் திரையரங்கில் அமர்ந்திருந்த முதியவர்கள் பலருக்குப் பாட்டியின் கேள்வி பழங்கதையாக இருந்திருக்காது.

பையன் வளர்ந்து தெருச் சண்டைக்காரனாகத் திரியும் பகுதி எனக்குச் சற்று நீளம். ஆனாலும் அதில் ஒரு காட்சி தேவைப்படுகிறது. துணை அதிபர் சென் செங் 1965இல் இறந்தபோது வானொலி இறுதிச் சடங்கை ஒலிபரப்புகிறது. பையன்கள் பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பழைய ராணுவக்காரருக்குப் பொறுக்கவில்லை, கைகலப்பாகிறது. அவருக்கு அது தம் காலமே முடிந்துபோன நாள். பையன்களுக்கு ஆட்டம் பாதியில் நிற்கிறது, அவ்வளவே. மூங்கில் நாற்காலியின் இரு பக்கங்களும் இங்கே தெருவுக்கு வந்து மோதிக்கொள்கின்றன.

அம்மாவுக்கு ஒரு மழைநாளைக் கொடுத்திருக்கிறார் ஹௌ. கல்யாணமாகிப் போகப்போகும் மகளிடம் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்கிறாள். வெளியே மழை விடாமல் பெய்கிறது. நெடுநேரம் நீளும் அந்தக் காட்சியில் அழுத்தம் தரும் பின்னணி இசை எதுவும் இல்லை. மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பின்னால் அம்மாவுக்குப் புற்றுநோய் வந்து பேச்சே பாடாகிப்போகும்போது, அந்த மழைநாள் அவள் விரிவாகப் பேசிய ஒரே நாளாக நமக்கு மிஞ்சுகிறது.

கடைசியில் பாட்டி. பாயில் படுத்திருக்கிறாள், தூங்குகிறாள் என்றே பையன்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் இப்போது பெரியவர்கள் இல்லை. ஒருநாள் அவள் கைமேல் எறும்பு ஊர்வதைப் பார்க்கிறார்கள். எவ்வளவோ வகையில் காட்டியிருக்கக்கூடிய மரணத்தை ஓர் எறும்பு வந்து சொல்ல வைத்தது பெரிய கலைஞனின் துணிவு. அலங்காரத்துக்கு அங்கே இடமே இல்லை. சடலத்தை எடுக்க வந்தவர் அவளைப் புரட்டுகிறார், பையன்களைக் கடுமையாகப் பார்க்கிறார். நன்றிகெட்ட பேரன்கள் என்று அவர் மனத்துக்குள் திட்டியிருப்பார் என்பதை ஹௌ தம் சொந்தக் குரலில் சொல்கிறார்.

அதோடு அந்தக் குரல் நிற்கவில்லை. ஊர் திரும்பும் அந்த வழியில் பாட்டியோடு நடந்தது தாம் மட்டும்தானோ என்ற எண்ணமும், அன்று நிறையக் கொய்யா பறித்துவந்த நினைவும் சேர்ந்து வருகின்றன. நான் கூர்ந்து கேட்பது இந்த இரண்டும் அடுத்தடுத்து நிற்கும் விதத்தை. நடந்து போன அந்தப் பகலைக் காட்டிப் பழியைத் துடைத்துக்கொள்ள ஹௌ முயலவில்லை. பழியைச் சொல்லிப் பகலின் இன்பத்தைக் குறைக்கவும் இல்லை. இரண்டையும் ஒரே சமநிலைக் குரலில், ஒன்றுக்கொன்று ஈடு செய்யாமல் வைத்துவிடுகிறார்.