காலி மனை

வங்கியில் கடன் மனுக்களில் 'காலி மனை' என்று நானே எழுதியிருக்கிறேன். நான்கு எல்லை, அளவு, மதிப்பு. அங்கே யாரோ மாடு கட்டியிருப்பது படிவத்தில் வராது. நகரமைப்பாளர்களும் இந்த வார்த்தையை இப்படித்தான் கையாளுகிறார்கள். அது வர்ணனை அல்ல, தீர்ப்பு.

ஆல்டோ வான் ஐக் 1947 முதல் 1978 வரை ஆம்ஸ்டர்டாமில் 700க்கு மேற்பட்ட சிறுவர் விளையாட்டிடங்களை அமைத்தார். பல, யுத்தத்துக்குப் பின் வெறுமையாகக் கிடந்த மனைகளில். சில மனைகளில் முன்பு இருந்தவை, நாஜிகள் கொண்டுபோன யூதர்களின் வீடுகள். விறகுக்காக மரம் உருவப்பட்டு இடிந்தவை. வான் ஐக் வைத்தது கொஞ்சம். ஒரு மணல்தொட்டி, தாண்டிக் குதிக்கக் கான்கிரீட் கட்டைகள், தொங்குவதற்கு வளைந்த இரும்புக் கம்பி, பெஞ்சு. யானை, குதிரை பொம்மைகள் இல்லை. அர்த்தத்தைக் குழந்தையிடமே விட்டுவிட்டார்.

சென்னை கதீட்ரல் சாலையில் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் 1962 முதல் 2008 வரை இருந்தது. ஒரு காப்பியோடு மரத்தடியில் மணிக்கணக்காக உட்காரலாம். அரசு நிலத்தை மீட்டு 2010இல் செம்மொழிப் பூங்கா ஆக்கியது. அடுக்குமாடி எழாமல் போனதே பெரிது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். செடிகளும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் சும்மா இருப்பதற்கான இடம், கட்டணம் கொடுத்துப் பார்வையிடுவதற்கான இடமாகிவிட்டது. வான் ஐக் நிரப்பாமல் விட்டதை இங்கே தோட்டக்கலை நிரப்பிவிட்டது.

இதை நான் ஆலத்தியூரிலிருந்து எழுதுகிறேன். 1997 முதல் இங்கே சிமெண்ட் ஆலை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லை வெட்டுகிறார்கள். ஒரு டன் கிளிங்கருக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் கல் வேண்டும். ஆக, நகரத்தில் ஒரு காலி மனை நிரம்பும்போது எங்கள் பக்கத்தில் ஒரு காலி இடம் பிறக்கிறது. காலியிட மறுபயன்பாடு பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டுமே பார்க்கிறார்கள்.

பள்ளமும் காலி இடந்தான். 2017 வறட்சியில் சென்னை, சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய நீரைச் சுத்திகரித்துக் குடித்தது. அதுவரை அவை கைவிடப்பட்ட குழிகள். அவை காலியாக இல்லை என்று தாகம்தான் சொல்லவேண்டியிருந்தது.

எனவே, இத்தகைய எந்த வடிவமைப்பிடமும் நான் கேட்பது இரண்டு கேள்வி. முன்பு அங்கே வந்தவன் இப்போதும் வரலாமா? அதற்கு எத்தனை மூட்டை சிமெண்ட் ஆயிற்று?

1996இல் பிரான்சின் போர்தோ நகரில் ஒரு சிறு சதுக்கத்தை அழகுபடுத்தும்படி லக்கட்டோன், வஸ்ஸால் என்ற இரு கட்டடக் கலைஞர்களிடம் கேட்டார்கள். இருவரும் இடத்தைப் பார்த்தார்கள், அங்கே வாழ்கிறவர்களோடு பேசினார்கள். சரளையை மாற்றுங்கள், மரங்களைக் கவனியுங்கள், அடிக்கடி கூட்டுங்கள், வேறொன்றும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார்கள். 2021இல் அவர்களுக்கு பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. அந்தச் சதுக்கத்துக்கு ஆலத்தியூரில் எவரும் பள்ளம் தோண்டவேண்டியிருக்காது.