இலண்டன் புகையும் இலக்கியப் பார்வையும்

கலை வாழ்க்கையைப் பின்பற்றுவதில்லை, வாழ்க்கையே கலையைப் பின்பற்றுகிறது என்ற வாதத்தை 1889ஆம் ஆண்டில் ஒஸ்கார் வைல்ட் உரையாடல் வடிவிலமைந்த கட்டுரையொன்றில் முன்வைத்தார். அதற்கு அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று இலண்டன் மூடுபனி. அது நூற்றாண்டுகளாக இருந்திருக்கலாம். ஆயினும் கவிஞரும் ஓவியரும் அதன் அழகைக் கற்பிக்கும்வரை எவரும் அதைக் காணவில்லை என்பது அவர் கூற்றின் சாரம். இப்பனி மந்த புத்தியினருக்கு மார்புச்சளியைத் தருகிறது என நகையாடவும் அவர் தவறவில்லை. கலை கலைக்காகவே என்போர் இன்றும் விரும்பி எடுத்தாளும் இவ்வாதத்தை வெறும் சாதுரியப் பேச்சென்று நாம் ஒதுக்கிவிட இயலாது. எதைக் காண்பது, எதைக் காணாது விடுவது என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்ற வினா அதனுள் பொதிந்து கிடக்கிறது.

பழக்கப்பட்ட கண் பழகியதையே காணும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கண்ணைப் பழக்கும் கலை எங்கிருந்து பிறக்கிறது? 1899க்கும் 1901க்குமிடையில் மும்முறை இலண்டன் வந்த குளோட் மொனே, தேம்ஸ் நதிப் பாலங்களைச் சவோய் ஹோட்டலின் மாடியிலிருந்து வரைந்தார். பாராளுமன்றத்தை எதிர்க்கரையிலிருந்த சென். தோமஸ் மருத்துவமனையிலிருந்து தீட்டினார். புகையினூடே ஒளி சிதறும் கோலமே அவரை ஈர்த்தது. அவரை நாம் குறைகூறப் போவதில்லை. அவர் கண் நேர்மையானது. ரேணர், மொனே ஆகியோரின் ஓவியங்களில் உருவெல்லைகள் மங்கி வெண்மை மிகுந்து வந்த போக்கு, அக்காலத்து நிலக்கரிப் புகையின் பெருக்கத்தோடு ஒத்துச் செல்வதாக 2023இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. வைல்டின் வாதம் இங்கே தலைகீழாகிறது. ஆலையும் அடுப்பும் கக்கிய புகை, ஓவியனின் பாணிக்குள்ளேயே புகுந்துவிட்டது!

டிக்கன்ஸ் இன்னொரு வகையினர். 1852இல் வெளிவரத் தொடங்கிய 'பிளீக் ஹவுஸ்' நாவலின் முதற்பக்கத்திலேயே கரியும் பனியும் நகரை மூடுகின்றன. அப்பனியின் நடுமையத்தில் அவர் நீதிமன்றத்தை அமர்த்தினார். புகைக்கு ஒரு சமூக முகவரி தந்த பெருமை அவருடையது. சேரியின் நோய் சேரியோடு நில்லாது, உயர்ந்தோர் வாசலையும் எட்டும் என்பதையும் அந்நாவல் உணர்த்துகிறது. எனினும், எத்தனை நாள், எவ்வளவு புகை, எத்தனை உயிர் என்ற கேள்விகளுக்கு நாவல் விடை தராது. அதற்கு வேறுவகை எழுத்து வேண்டியிருந்தது.

அவ்வெழுத்தே காற்றின் கணக்கேடு. 1912இல் அமைந்த ஒரு குழு, வானிலிருந்து விழும் கரித்தூளைக் கலங்களில் ஏந்தி நிறுக்கத் தொடங்கிற்று. பின்னர், காற்றை வடிதாளினூடே இழுத்து அத்தாளின் கருமையைக் கொண்டு புகையை அளந்தனர். 1952 டிசெம்பர் 5 முதல் 9 வரை இலண்டனைப் புகைப்பனி கவ்வியது. சட்லர்ஸ் வெல்ஸ் அரங்கினுள்ளும் அது புகுந்தமையால் 'லா த்ராவியாத்தா' இசைநாடகம் இடையில் நிறுத்தப்பட்டது. மேடையில் காசநோயால் மடியும் நாயகிக்கு இரங்க வந்தோர், தாமே மூச்சுமுட்டி வீடு திரும்ப நேர்ந்தது. புகையும் கந்தகவீரொட்சைட்டும் மரணங்களும் ஒருங்கே உயர்ந்தமையை நாளாந்தப் பதிவுகள் காட்டின. மாண்டோர் ஏறத்தாழ 4,000 பேர் என அன்று கணக்கிடப்பட்டது. அடுத்த மாதங்களிலும் தொடர்ந்த மிகை மரணங்களை அதிகாரிகள் இன்புளுவென்சாவின் மேல் சுமத்தினர். அதே பதிவுகளை 2001இல் மீண்டும் ஆராய்ந்தவர்கள், தொகை 12,000 வரை இருக்கலாமென மதிப்பிட்டனர். ஏடு எழுதப்பட்டிருந்ததாலேயே ஐம்பதாண்டுகளுக்குப் பின்னும் மாண்டோருக்காக வழக்காட முடிந்தது.

ஆயினும் கணக்கேட்டையும் நாம் விமர்சனக் கண்கொண்டே படிக்க வேண்டும். நகர் முழுவதற்குமான சராசரியொன்று வர்க்க வேறுபாட்டை மறைத்துவிடும். தென்மேற்கிலிருந்து வீசும் காற்று, தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த கிழக்குப் பகுதிக்கே புகையைச் சுமந்து சென்றது. உயர்ந்த நிலக்கரி ஏற்றுமதிக்குப் போக, மட்டமான தூள்கரியே ஏழையின் அடுப்பில் எரிந்தது. எல்லோரும் ஒரே காற்றைச் சுவாசிக்கிறோம் என்பது கேட்க இனிய பொய்யாகும்.

1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. காலப்போக்கில் கரும்புகை குறைந்தது. பின்னர் வாகனங்கள் கக்கும் நைதரசனீரொட்சைட்டும் நுண்துகளும் அவ்விடத்தைப் பிடித்தன. இவற்றைத் தீட்ட எந்த ஓவியனாலும் இயலாது. இவை கண்ணுக்குப் புலப்படா. தென்கிழக்கு இலண்டனில், நெரிசல்மிக்க பெருவீதியருகே வாழ்ந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி 2013இல் ஆஸ்துமாவினால் இறந்தாள். அவள் மரணத்துக்குக் காற்றின் மாசும் காரணம் என 2020இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். தாயின் இடையறாத போராட்டமும், அப்பகுதியின் அளவீட்டுப் பதிவுகளும் இன்றேல் அத்தீர்ப்பு கிட்டியிராது.

இங்கே ஓர் உண்மையை நாம் மறைக்கலாகாது. அச்சிறுமி உயிரோடிருந்த காலத்திலும் கருவிகள் அளந்துகொண்டுதான் இருந்தன. அக்காற்றின் ஆபத்தைப் பற்றிய தகவல் தாய்க்குத் தரப்படவில்லை என்பதையும் விசாரணை சுட்டிக்காட்டியது. அலுவலகத்தில் உறங்கும் இலக்கம் எவரையும் காப்பாற்றாது. அதனை வாசித்து, அதன் பொருளை மக்கள் மொழியில் உரத்துக் கூறுவோர் வேண்டும். எழுத்தாளனின் கடமை இவ்விடத்திலேயே தொடங்குகிறது. சான்றில்லாத இரக்கம் ஆட்சியாளரை அசைக்காது. இரக்கமில்லாத சான்று மக்களை அசைக்காது.

மூடுபனியின் எழிலை மாணவருக்கு எடுத்துரைக்கும் ஆசிரியர், மொனேயின் ஓவியத்தருகே 1952ஆம் ஆண்டின் அம்மரண வரைபையும் ஒருமுறை வைத்துக் காட்டட்டும். ஓவியத்தின் அழகு அதனால் குன்றிவிடாது. அவ்வழகின் விலையை எவர் செலுத்தினர் என்று மாணவர் கேட்பர். அக்கேள்வியைக் கேட்கப் பழக்குவதே விமர்சனத்தின் பணி.