நிலக்காட்சி ஓவியமும் உள்ளுறையும்

நிலக்காட்சியைத் தீட்டும் ஓவியன் கண்டதைக் கண்டவாறே பெயர்த்து வைப்பதோடு அமைவதில்லை. மரத்தையும் நீரையும் வானையும் கொண்டு மாந்தர்தம் உள்ளத்தை உணர்த்தவும் விழைகின்றான். இயற்கைப்பொருள் எப்பொழுது குறியீடாகின்றது, எப்பொழுது வெற்றணியாய் ஒழிகின்றது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

தொல்காப்பியர், தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களையே உள்ளுறைக்கு நிலைக்களனாக வகுத்தார். ஒரு நிலத்து மரமும் புள்ளும் விலங்குமே அந்நிலத்தார் நெஞ்சத்தைக் குறிப்பாற் புலப்படுத்தும் என்பது இதனாற் பெறப்படும். இக்கருத்துத் தமிழர்க்கே உரியதன்று. சீன ஓவியர் குவோ சி, 1072இல் இளவேனிலின் தொடக்கத்தைத் தீட்டியபோது, நடுமலையைச் சிறுகுன்றுகள் சூழ்ந்து நிற்கும் தலைவனாகவே அமைத்தார். செருமானிய ஓவியர் காஸ்பர் டேவிட் பிரீட்ரிக், 1822ஆம் ஆண்டளவில், காக்கைகள் சூழ்ந்த முறுகிய மரமொன்றினால் இறப்பை நினைப்பித்தார். ஆசிய ஓவியம் புறத்தோற்றத்தைப் படியெடுப்பதில் அடங்காது என்பதை, கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1934இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார்.

இவ்வளவைக் கொண்டு மன்னார்ப் பெருநிலத்து உயிலங்குளத்தை நோக்குக. அங்கு மலை இல்லை. ஆயினும், நம் பள்ளிச் சிறார் பலர் எவ்வூரினராயினும் இரு மலைகளையும் அவற்றிடையே எழும் ஞாயிற்றையுமே வரைகின்றனர். அம்மலைகள் எவர் நெஞ்சையும் உணர்த்தா. உயிலங்குளத்தை வரைவோன் தாளின் பெரும்பகுதியை வானுக்கே விடுதல் வேண்டும். வடகீழ்ப் பருவமழையை நோக்கியிருக்கும் உழவர்க்கு அவ்வெற்றுவானே காத்திருப்பின் குறியீடாகும். மன்னாரையும் மதவாச்சியையும் இணைக்கும் பெருவழியும் அத்தகையதே. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்பாட்டின் பின், இரு தரப்பினரின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கு இடைப்பட்ட கடவை ஒன்று இவ்வூரில் இருந்தது. அதனை அறிந்தார்க்கு மருதநிலத்து வழியும் பாலையின் பிரிவை உணர்த்தவல்லது.

இனி, போரைக் காட்டத் தலையிழந்த பனையை வரைதல் வழக்காயிற்று. அதுவும் நம் மண்ணின் கருப்பொருளே அன்றோ எனின், ஆம். ஆயின், நிலமும் பொழுதும் நீக்கி வெறுந்தாளில் தனியே நிறுத்தப்படும் பனை முத்திரையாய்ச் சுருங்கிவிடுகின்றது. துயரம் உண்மையாயினும் ஓவியம் பொய்யாகின்றது. குளக்கட்டின் மேல், இன்ன வெயிலில், இன்ன வயலருகே நின்ற பனையாக அது முதலில் தோன்றுதல் வேண்டும். முதற்பொருளும் கருப்பொருளும் செவ்வனே அமைந்தவழி, உரிப்பொருள் தானே புலனாகும்.